உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் வராதா? கொங்குப் பக்கத்து ஆரோக்கியக் கேள்வி பதில்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்து ஊர்களில் மருத்துவ முகாம் நடக்கும்போது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற மேசையில் உட்காரும் செவிலியர் நான். கையை நீட்டிக்கொண்டே ஜனங்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தும் அதன் அளவும் உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியவை. நோய் வராமல் பார்த்துக்கொள்வதும், வந்ததைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதும்தான் இங்கே பேச்சு.

பொழுதுக்கும் பாடுபடுகிறவன் நான். எனக்கெல்லாம் பிரஷரும் சுகரும் வருமுங்களா?

வரும். "உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் வராது" என்று சொல்லிச் சொல்லியே ஐம்பது வயது வரை ஒரு பரிசோதனையும் செய்யாமல் இருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். உழைப்பு நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் பரம்பரை, வயது, உப்பு, புகையிலை, தூக்கக் குறைவு, கடன் கவலை இவையெல்லாம் உழைப்பாளி வீட்டுக்கும் வருகிறவைதான்.

அப்புறம், நாம் நினைக்கிற அளவுக்கு உடம்பு இப்போது உழைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்பாரு காலத்தில் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தார்கள். இன்றைக்குத் தோட்டத்து மோட்டாரை வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் போடுகிறோம். காட்டுக்குப் போக வண்டி, உழ டிராக்டர். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் மெஷினில் உட்கார்ந்தால் உடம்பு அலுத்துப் போகும், ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அது பயிற்சி ஆகாது. மூச்சு கொஞ்சம் வாங்குகிற வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து நடந்தாலும் பலன் உண்டு.

காங்கேயம் பக்கத்து முகாம் ஒன்றுக்கு ஒரு விவசாயி மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். தனக்குப் பார்க்க அவர் வரவில்லை. "சும்மா கையைக் கொடுங்க" என்று கேட்டுப் பார்த்தால் மேல் அளவு 180-ஐத் தாண்டியிருந்தது. கொஞ்ச நேரம் உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தும் இறங்கவில்லை. "எனக்கு ஒண்ணுமே பண்ணலைங்களே அம்மணி" என்றார் அவர். ரத்த அழுத்தம் அப்படித்தான், ஒன்றும் பண்ணாது. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால்தான் பிரஷர் என்று காத்திருந்தால், முதல் அறிகுறியே பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்துவிடும்.

எந்த வயதிலிருந்து, என்னென்ன பார்க்க வேண்டும்?

முப்பது வயது ஆனவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். அப்பா, அம்மா யாருக்காவது சர்க்கரை இருந்தாலோ வயிறு பெருத்திருந்தாலோ அதற்கு முன்பே ஆரம்பிக்கலாம். ஆணுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தொப்புளை ஒட்டி டேப் வைத்துப் பாருங்கள், அதைத் தாண்டினால் உடம்பு எச்சரிக்கிறது என்று அர்த்தம்.

ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் வேறு வேறு நாளில் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை வந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள். மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 தொட்டாலும் அதேதான்.

அந்த நடு நிலையில் இருப்பவர்களிடம்தான் நான் அதிக நேரம் பேசுவேன். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, சுமார் 13.6 கோடிப் பேர் இந்த நடு நிலையில் இருக்கிறார்கள். இந்த நிலையில் இருக்கும்போதே எடையைக் கொஞ்சம் குறைத்து, நடையைக் கூட்டினால் பலர் திரும்பி வர முடியும்.

பரிசோதனைக்கு வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக வந்து, வாசலில் ஒரு டீயும் குடித்துவிட்டுக் கையை நீட்டினால் அளவு கூடத்தான் காட்டும். டீ, பீடி, சிகரெட் முடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் இரண்டும் தரையில் பட, பேசாமல் இருக்க வேண்டும். வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான்.

மாத்திரையை ஆரம்பித்தால் கடைசி வரை விட முடியாதாமே?

இந்தப் பயத்தில்தான் பலர் ஆரம்பிப்பதே இல்லை. மாத்திரை நோயை உண்டாக்குவதில்லை. நோய் நீடிப்பதால் மாத்திரை நீடிக்கிறது. எடை குறைந்து, உப்பு குறைந்து, அளவு நன்றாக இறங்கினால் மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார். அளவு சரியாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. மாத்திரை சாப்பிடுவதால்தான் அந்த அளவு சரியாக இருக்கிறது.

செலவு ஒரு காரணம் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் அப்பச்சி, அமுச்சி (தாத்தா, பாட்டி) யாராவது இருந்தால் ஊர் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைச் சொல்லி வையுங்கள்.

அரிசியை விட்டுவிட்டுக் களிக்கும் கம்பஞ்சோற்றுக்கும் மாறினால் சுகர் குறையுமா?

மாறினால் நல்லது. கம்பும் சோளமும் ராகியும் இந்த மண்ணின் சாப்பாடு. அரிசியைவிட நார்ச்சத்து அதிகம், ராகியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் களியும் மாவுச்சத்துதான். அரிசி என்றால் ஒரு கரண்டி, களி என்றால் இரண்டு உருண்டை என்று போட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். மாவாக அரைத்துக் கூழாகக் குடிப்பது இன்னும் சீக்கிரம் ஏற்றும்.

சாப்பாட்டு வட்டலை (தட்டை) பார்த்து நான் சொல்வது இதுதான்: பாதி வட்டல் காய், கீரை, கால் வட்டல் பருப்போ பயறோ முட்டையோ, மிச்சக் கால் வட்டலில் சோறோ களியோ. நம் வீட்டு அரிசிம்பருப்பு சாதம் ருசியில் அடித்துக்கொள்ள முடியாதது. அதில் அரிசியைக் குறைத்துப் பருப்பைக் கூட்டி, தொட்டுக்கொள்ள அப்பளத்துக்குப் பதிலாக ஒரு கிண்ணம் பொரியல் வையுங்கள். பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறு குழம்பு, கொள்ளு இவையெல்லாம் புரதம் நிறைந்தவை. ஒறம்பரை (விருந்தாளி) வந்தால் மட்டும் கறியும் முட்டையும் என்று இருக்கும் வீடுகளில், தினப்படி சாப்பாட்டில் புரதம் மிகவும் குறைவாக இருப்பதைப் பார்க்கிறேன். நாமக்கல் முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம் கிடைக்கிறது, விலையும் நமக்குக் கட்டுப்படியாகிறது.

நோம்பி (பண்டிகை) நாளில் ஒப்புட்டு என்கிற இனிப்புப் போளி சாப்பிட வேண்டாம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, அன்றைக்குச் சோற்றைக் குறைத்தால் போதும்.

நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி சாப்பிடலாம் தானே? வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதல்?

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையின் மணமும் ருசியும் எனக்கும் பிடிக்கும். ஆனால் சர்க்கரை நோயாளியின் ரத்தத்துக்கு இரண்டும் ஒன்றேதான். அதில் இருக்கும் இரும்புச்சத்து சொற்பம், சர்க்கரை ஏராளம். "நான் நாட்டுச்சர்க்கரை போட்டுத்தான் காபி குடிக்கிறேன்" என்று ஐந்து தடவை குடிப்பவர்களுக்கு அளவு ஏறிக்கொண்டே போகிறது.

டீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் தெருவுக்குத் தெரு பேக்கரி. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஐந்து டீக்குப் பத்து ஸ்பூன், அதாவது 40 கிராமுக்குக் குறையாது. கூடவே தேங்காய் பன், பப்ஸ், காரம் என்று ஒன்று சேரும். ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. இந்த வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த வாரம் ஒன்று என்று இறக்குங்கள், நாக்கு பழகிவிடும்.

உப்பை எவ்வளவு குறைக்க வேண்டும்?

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். குழம்பில் போடுவதை மட்டும் எண்ணினால் தப்பிப்போகும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடையில் வாங்கும் மிக்சர், முறுக்கு இவற்றில்தான் நிறைய ஒளிந்திருக்கிறது. மோருக்கு உப்புப் போடாமல் கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போடுங்கள். இந்துப்பும் உப்புதான், பிரஷருக்கு நல்லது என்று அதை அதிகம் போட வேண்டாம். அயோடின் சேர்ந்த உப்பையே சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த எண்ணெய் நல்லது? செக்கில் ஆட்டியது என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாமா?

கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைகொழுப்பு என்பதால் கொஞ்சமாகத்தான் புழங்க வேண்டும். எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். நான்கு பேர் வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் டின் காலியாகிறது என்றால், அது செக்கு எண்ணெயே ஆனாலும் அதிகம். பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.

கொள்ளு ரசம் குடித்தால் கொழுப்புக் கரையுமா?

"கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பழமொழி இருக்கிறது. கொள்ளு நல்ல பயறு, 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். ஆனால் ரசமாகக் குடித்துவிட்டுச் சோற்றை அதே அளவு சாப்பிட்டால் ஒன்றும் கரையாது. சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் கொள்ளு மசியல் வைத்தால் பலன் தெரியும்.

போர் தண்ணீர் குடிக்கலாமா? கிட்னியில் கல் வருவது அதனால்தானா?

சிறுவாணியும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் எட்டாத இடங்களில் ஆயிரம் அடி போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. ஃபுளோரைடு 1 மில்லிகிராம், அதிகபட்சம் 1.5. சேலம், தருமபுரிப் பக்கம் சில இடங்களில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பதால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கோடு விழுகிறது. நொய்யல் ஆற்றோரத்துக் கிணறுகளில் சாயக்கழிவு கலந்த கதை எல்லோருக்கும் தெரியும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குத் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் ஃபுளோரைடும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். அதனால் போர் போட்டதும் ஒரு முறை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க இடம் இருந்தால் ரொம்ப நல்லது.

கல்லுக்குத் தண்ணீரின் உப்பை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. வெயிலில் வேலை செய்து, வியர்வையாக எல்லாம் போய், போதுமான அளவு குடிக்காமல் இருப்பதுதான் பெரிய காரணம். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போக வேண்டும், அடர் மஞ்சள் என்றால் குடித்தது போதவில்லை. உப்பையும் குறையுங்கள். கல் இருக்கிறது என்று பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டியதில்லை, சாப்பாட்டுக் கால்சியம் கல்லை வளர்ப்பதில்லை. வாழைத்தண்டு சாப்பிடலாம், நார்ச்சத்து கிடைக்கும். அது கல்லை உடைத்துவிடும் என்று நம்பி, காய்ச்சலோடு வலி வரும்போதும் வீட்டில் இருந்துவிடக் கூடாது.

பனியன் கம்பெனியில் வேலை. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது, ஏன்?

இந்தக் கேள்வியைப் பெண்கள் பெரும்பாலும் என் காதோரமாகத்தான் கேட்பார்கள். திரும்பக் கேட்டால் பதில் ஒன்றுதான்: "பாத்ரூம் போக வேண்டி வரும்னு தண்ணியே குடிக்கிறதில்லைங்க." காலையில் எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தவர், மத்தியானச் சாப்பாடு வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. பீஸ் ரேட்டில் ஓடும்போது எழுந்தால் கூலி போகிறது. கழிப்பறை சுத்தமில்லை என்பதும் உண்டு.

அடக்கி வைத்தால் சிறுநீர்ப்பையில் கிருமி பெருகும். அது மேலே ஏறிச் சிறுநீரகத்தைப் பிடித்தால் குளிர்காய்ச்சலும் முதுகு வலியுமாகப் படுக்க வைத்துவிடும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து மத்தியானத்துக்குள் முடியுங்கள். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும். எரிச்சல், காய்ச்சல் இருந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்காமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கம்பெனி நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: சுத்தமான கழிப்பறையும் தயங்காமல் எழுந்து போகிற சுதந்திரமும் கொடுங்கள். ஆள் லீவு போடுவது தானாகக் குறையும்.

தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதும் இதே போலத்தான். ஒரு காலை ஒரு சின்னப் பலகை மேல் மாற்றி மாற்றி வையுங்கள், குதிகாலை அடிக்கடி தூக்கி இறக்குங்கள். வீட்டுக்குப் போனதும் கால் மணி நேரம் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள்.

எப்போதும் அசதி, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சத்து மாத்திரை வாங்கலாமா?

முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. முருங்கைக்கீரை, கம்பு, எள், பயறு, ஈரல் எல்லாம் நல்லது, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேராமல் போகும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் ரத்தம் குறைந்தால் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும், மாத்திரையோடு விடக் கூடாது.

முப்பது தாண்டிய பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம், சில நிமிட வேலை. வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டு, முற்றிய நிலையில் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு தாங்குவதில்லை.

மில்லில், தறியில் வேலை செய்கிறவர்கள் என்ன கவனிக்க வேண்டும்?

ஸ்பின்னிங் மில் பஞ்சுத் தூசு நுரையீரலைப் பிடிக்கும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுக்கம், இருமல் வருவதும், வாரக் கடைசியில் குறைவதும் அதன் முதல் அடையாளம். அந்த நிலையிலேயே மருத்துவரிடம் போய், பஞ்சுத் தூசு என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண இருமல் மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். துண்டை மூக்கில் கட்டுவது போதாது, தூசு தடுக்கும் முகமூடி வேண்டும். பீடி, சிகரெட் இருந்தால் கேடு இன்னும் கூடும்.

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் தறிக்கூடங்களில் சத்தம் பெரும்பாலும் 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேரத்துக்கு 85-க்கு மேல் போனாலே காது கெட ஆரம்பிக்கும். போன காது திரும்பாது. காதில் பஞ்சு அடைப்பதால் பெரிதாகப் பலனில்லை. ரப்பர் அடைப்பான் மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

ஏழு மணி நேரம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். வீட்டில் இருப்பவர்கள் "பகல்லயே தூங்குறான்" என்று சொல்லாமல் இருந்தால் பாதி தூக்கம் அதிலேயே கிடைக்கும். குறட்டை பலமாக விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்கள், முக்கியமாக லாரி ஓட்டுகிறவர்கள், அதைத் தூக்கப் பிரச்சினை என்று மட்டும் நினைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பகலில் ஸ்டியரிங்கில் கண் சொருகுவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டால் வேலை ஓடுகிறது. தப்பா?

தப்பு. மிகவும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். களை எடுப்பவர், கட்டட வேலைக்காரர், தறி ஓட்டுபவர் எல்லோரும் பேர் தெரியாத ஒரு பொட்டலத்தை மடியில் முடிந்து வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் வலி நிவாரணி ஒன்று இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். சாப்பிட்டதும் வலி பறந்துபோகும், சாயங்காலம் வேலை முடிந்திருக்கும். அதனால்தான் அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஆனால் வலி நிவாரணி தொடர்ந்து உள்ளே போனால் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டம் குறையும், வயிற்றில் புண் வரும், ரத்த அழுத்தம் ஏறும். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைந்த உடம்பில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஏற்கனவே சுகரும் பிரஷரும் இருப்பவர்களுக்கு டயாலிசிஸ் வரை கொண்டுபோய் விட்டுவிடும். ஸ்டீராய்டு முகத்தை ஊத வைத்து, எலும்பை மெலிய வைத்து, சர்க்கரையை ஏற்றும். அதைப் பல நாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவர் சொல்கிற படிதான் குறைக்க வேண்டும்.

வலி ஏன் வருகிறது என்று ஒரு முறை முறையாகப் பாருங்கள். முழங்காலுக்குத் தொடை முன்பக்கத் தசையைப் பலமாக்கும் பயிற்சி உண்மையிலேயே உதவும். சேரில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள், இரண்டு காலுக்கும் பத்துத் தடவை. எடை குறைவது மூட்டுக்கு மாத்திரையைவிடப் பெரிய உதவி.

எங்கள் தெருவில் டெங்கு. கொசு மருந்து அடித்தால் போதாதா?

புகை அடித்தால் பறக்கிற கொசு சாகும், தொட்டிக்குள் இருக்கும் புழு சாகாது. டெங்குக் கொசு சாக்கடையில் வளர்வதில்லை, நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான் வளர்கிறது. பகலில் கடிக்கும். எங்கள் ஊர்களில் வாரத்துக்கு ஒரு முறை, சில இடங்களில் அதற்கும் மேலே தள்ளித்தான் குழாய்த் தண்ணீர் வருகிறது. அதனால் டிரம், சின்டெக்ஸ், சிமெண்ட் தொட்டி என்று பிடித்து வைக்காத வீடே கிடையாது. அவ்வளவும் கொசுவுக்கு வீடுதான்.

முட்டை கொசுவாக எட்டு, பத்து நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு எல்லாத் தொட்டியையும் காலி செய்து, உள் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்ப்பதுதான் முக்கியம். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். துணியால் வாய் கட்டி மூடுங்கள். பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) கிடக்கும் தேங்காய்த் தொட்டி, பழைய டயர், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஆட்டுக்கல் குழி எல்லாம் பாருங்கள்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், புரூஃபென் ரத்தக் கசிவைக் கூட்டும். தண்ணீர், இளநீர், கஞ்சி நிறைய. காய்ச்சல் விட்டதும் வேலைக்குக் கிளம்பிவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், தள்ளாட்டம், சிறுநீர் குறைதல் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் விடாமல், உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் புண் இருந்தால், புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். காட்டுவேலை செய்பவர்கள் அக்குள், தொடையிடுக்கு எல்லாம் பார்த்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சித்திரை வெயிலில் காட்டுவேலை எப்படிச் செய்வது?

கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் 40 டிகிரி சாதாரணம். பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை வெயிலில் நிற்காத மாதிரி வேலையை அமைத்துக்கொள்ளுங்கள். நீர்மோர், கம்பங்கூழ் அருமையான பானங்கள். வயிற்றுப்போக்கோ அதிக வியர்வையோ இருந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தட்டை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது. ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது?

முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி. காற்று வருகிற திசைக்கு முதுகைக் காட்டி அடியுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக வீசும் ஆனி, ஆடியில் காலையிலேயே முடித்துவிடுங்கள். மருந்துக் கையோடு வெற்றிலை போட வேண்டாம். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது. காலி டப்பாவில் ஒருபோதும் தண்ணீர் பிடிக்கக் கூடாது.

வாயில் புண், ஆறவே இல்லை.

புகையிலை, ஹான்ஸ் வைப்பவர்கள் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமை இருந்தால் அன்றே காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்த வாய்ப் புற்றுநோய் குணமாகக் கூடியது.

நாய் லேசாகத்தான் கீறியது. ஊசி போட வேண்டுமா?

ரத்தம் வராத கீறலுக்கும் போட வேண்டும். முதல் வேலையாக ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை, ஊசி ஒழுங்காகப் போட்டால் வராமல் தடுத்துவிடலாம். அரசு மருத்துவமனையில் இலவசம். சொன்ன தேதிகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள். ரத்தம் வந்த காயம் என்றால் அதற்குத் தனியாகக் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்சு வலி வாயுவா மாரடைப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் இருந்தபடி தெரிந்துகொள்ள முடியாது. அதற்குத்தான் இசிஜி. நெஞ்சு நடுவில் பாரம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குப்பென்று வியர்த்தல் இருந்தால் சோடா குடித்துப் பார்ப்பதும் பூண்டு சுட்டுத் தின்பதும் விடியட்டும் என்று காத்திருப்பதும் வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் மேல்வயிற்று உளைச்சலுமாக மட்டும் வரலாம். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கை கால் இழுத்துக்கொள்ளும் பக்கவாதமும் அப்படித்தான். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்ப வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். எண்ணெய் போட்டு நீவ ஆள் தேடிக்கொண்டிருந்தால் அந்த நேரம் போய்விடும். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள், மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ எதுவும் கொடுக்காதீர்கள், விழுங்க முடியாமல் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.